இன்மைக்கு யார் சாட்சி

வெறுந்தரையைப் பார்க்கும் ஒருவர் 'இங்கே குடம் இல்லை' என்று சொல்லும்போது அவர் உண்மையில் எதை அறிகிறார் என்ற கேள்வி, இந்திய மெய்யியல் மரபில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் விடாது பேசப்பட்டது. தரையைக் கண்ணால் காண்கிறார். குடம் இருந்திருந்தால் அதையும் கண்டிருப்பார். ஆனால் குடத்தின் இன்மை தரையின்மேல் தங்கியிருக்கும் ஒரு பொருளா, காண்பவரின் அறிவில் மட்டும் எழும் தீர்ப்பா, வெறுந்தரைக்கே இட்ட மற்றொரு பெயரா என்பதில் நையாயிகரும் மீமாம்சகரும் பௌத்தரும் ஒருவரையொருவர் மறுத்து நூல்கள் எழுதினர். வைசேடிகம் தொடக்கத்தில் ஆறு பதார்த்தங்களை, அதாவது சொல்லால் குறிக்கத்தக்க ஆறு வகை உண்மைப் பொருள்களை, மட்டுமே எண்ணியது. பின்வந்தோர் அபாவம் எனப்படும் இன்மையை ஏழாவதாகச் சேர்த்தனர். தமிழுக்கும் இந்த விசாரம் புதிதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, எண்ணுமிடத்தில் அபாவத்தையும் ஓர் அளவையாகச் சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கியதால் இன்மையின் நால்வகைப் பாகுபாடும் தமிழ் மாணவர் கைக்கு எட்டியது.

இதை வெறும் சொற்போர் என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இன்றைய கணினிகளுக்குள் இருக்கிறது. சுழலும் தட்டு இல்லாமல் மின்சில்லுகளால் மட்டுமே ஆன எஸ்எஸ்டி என்னும் திடநிலை வட்டுகளுக்கு ட்ரிம் என்றொரு கட்டளை உண்டு. வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் மென்பொருளான கோப்பு முறைமை, அந்தக் கட்டளையின் வழியே வட்டுக்குச் சொல்வது ஒரே செய்திதான்: இன்ன முகவரி முதல் இன்ன முகவரி வரை இனி எதுவும் இல்லை. ஒரு பொருள் இல்லை என்பதை அது இருந்த இடத்துக்கே வெளியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் அந்த இடத்துக்கு அது தெரியாது. இன்மையை அறியும் வழி எது என்று வாதிட்ட பழைய ஆசிரியர்களுக்கு இவ்வளவு துலக்கமான சோதனைக் களம் வாய்த்ததில்லை. அந்தக் களத்தில் வைத்துப் பார்த்தால், சில இன்மைகள் காட்சிக்கும் கருதலுக்கும் எட்டாதவை என்பதும், தகுதியுடையோர் உரையால் மட்டுமே அவை அறியப்படும் என்பதும், ஆகவே 'உண்டு' என்பவரைவிட 'இல்லை' என்பவர்மேல் கனமான பொறுப்பு விழுகிறது என்பதும் தெளிவாகும்.

முதலில் அந்த இடத்தின் இயல்பு தெரிய வேண்டும். தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தின் நாண்ட் வகை 1987இல் உலகுக்கு அறிமுகமானது; இன்றைய எஸ்எஸ்டிகள் அதன் வழிவந்தவை. இதன் அடிப்படை அலகு ஒரு கலம். மின்கடத்தாப் படலத்தால் சூழப்பட்ட நுண்ணிய பகுதிக்குள் எலக்ட்ரான்களைச் செலுத்தித் தங்க வைப்பது எழுதுதல். உயர் மின்னழுத்தம் கொடுத்து அவற்றை வெளியே இழுப்பது அழித்தல். ஒரு கலத்தில் ஒரே பிட் சேமிக்கும் எளிய வகையில், எலக்ட்ரான் தங்கிய கலம் 0 என்றும், நீங்கிய கலம் 1 என்றும் படிக்கப்படும். ஆகவே முற்றாக அழிக்கப்பட்ட பரப்பு சில்லின் மட்டத்தில் முழுவதும் ஒன்றுகளாகவே தெரிகிறது. எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும். ஒரு பக்கம் இக்காலத்தில் பெரும்பாலும் 16 கிலோபைட். அழிப்பதோ பக்க அளவில் நடவாது. நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கொண்ட ஒரு தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். ஒரு பக்கத்தில் எழுதியதைத் திருத்த வேண்டுமானால் அதன் மேலேயே எழுத வழியில்லை. வேறொரு வெற்றுப் பக்கத்தில் புதிய வடிவத்தை எழுதி, பழைய பக்கத்தைச் செல்லாதது என்று குறித்துவிட்டு, புதிய இடத்தை முகவரிப் பட்டியலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அழித்தலுக்கு விலையும் உண்டு. எலக்ட்ரான்கள் ஒவ்வொரு முறை படலத்தைக் கடக்கும்போதும் படலம் சிறிது சிதைகிறது. ஒரு கலத்துக்கு ஒரு பிட் சேமிக்கும் வகை ஏறத்தாழ ஒரு லட்சம் அழிப்புகளைத் தாங்கும் என்றால், நான்கு பிட் சேமிக்கும் இன்றைய மலிவு வகை ஆயிரத்தை ஒட்டிய அளவில்தான் தாங்கும். அதனால் வட்டினுள் இருக்கும் கட்டுப்படுத்தி என்னும் சிறு கணினி, எல்லாத் தொகுதிகளும் சமமாகத் தேயும்படி தரவை ஓயாமல் இடம் மாற்றுகிறது; இது தேய்வு சமனாக்கம். செல்லாத பக்கங்கள் மிகுந்த தொகுதியைத் தேர்ந்து, அதில் இன்னும் உயிருள்ள பக்கங்களை மட்டும் வேறிடத்துக்கு நகலெடுத்து, பின்னர் தொகுதியை அழித்து வெற்றிடமாக்குகிறது. இதற்குக் குப்பை சேகரிப்பு என்று பெயர். அதன் திறமை முழுவதும் எது உயிருள்ளது, எது செல்லாதது என்ற அறிவைப் பொறுத்தது.

அந்த அறிவு வட்டிடம் இல்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. யூனிக்ஸ் மரபில் வந்த கோப்பு முறைமைகளில் ஒரு கோப்பின் பெயரும் கோப்பும் வெவ்வேறு. பெயர் ஓர் அடைவில், அதாவது பெயர்ப்பட்டியலில், இருக்கும். கோப்பின் அளவு, உரிமை, இருப்பிடம் ஆகியவை ஐநோடு எனப்படும் தனிப் பதிவில் இருக்கும். பயனர் கோப்பை நீக்கும்போது முதலில் போவது பெயர் மட்டுமே. அதே கோப்புக்கு வேறொரு பெயர் இருந்தால் கோப்பு வாழ்கிறது; எந்தப் பெயரும் மிஞ்சாத நிலையிலும், ஏதேனும் ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை, பெயரற்ற கோப்பாக அது தொடர்ந்து வாழ்கிறது. கடைசி நிரலும் மூடிய பின்னரே அதன் இடங்கள் காலி என்று கோப்பு முறைமையின் இடக்கணக்கில் ஒரு பிட் மாறுகிறது. அப்போதும் எழுத்துகள் இருந்த கலங்களில் ஓர் எலக்ட்ரானும் அசைவதில்லை. பெயரின் மறைவை அழிவாக எண்ணும் பழக்கம் கணினிக்கு வெளியிலும் உண்டு. 2014 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் கூகுள் ஸ்பெயின் வழக்கில் அளித்த தீர்ப்பு, ஒருவர் பெயரைக் கொண்டு தேடும்போது பழைய நாளிதழ்ப் பக்கத்துக்கான இணைப்பு காட்டப்படலாகாது என்றது. அந்தப் பக்கம் நாளிதழின் தளத்தில் அப்படியே இருக்கலாம். 'மறக்கப்படும் உரிமை' என்று பரவலாக அழைக்கப்பட்ட அத்தீர்ப்பு நீக்கியது பெயரிலிருந்து பொருளுக்குச் செல்லும் ஒரு வழியைத்தான்.

கோப்பு முறைமையின் கணக்கில் காலியான இடம் வட்டின் கணக்கில் நிறைந்த இடமாகவே நீடிப்பதால் வரும் இழப்பு பெரிது. 256 பக்கங்கள் கொண்ட ஒரு தொகுதியில் 192 பக்கங்கள் நீக்கப்பட்ட கோப்புகளுக்கு உரியவை என்று கொள்வோம். அது தெரிந்த வட்டு 64 பக்கங்களை மட்டும் நகலெடுத்துத் தொகுதியை விடுவிக்கும். தெரியாத வட்டுக்கு 256 பக்கங்களும் காக்க வேண்டியவை. யாருக்கும் வேண்டாத எழுத்துகளை மீண்டும் மீண்டும் சுமந்து இடம் மாற்றி, அந்த உழைப்பாலேயே தன் ஆயுளைத் தேய்த்துக்கொள்ளும். பயனர் எழுதச் சொன்ன அளவைவிட வட்டு உள்ளே எழுதும் அளவு கூடிப்போவதை எழுத்துப் பெருக்கம் என்பர். வட்டு நிரம்ப நிரம்ப இந்தப் பெருக்கமும் ஏறும், எழுதும் வேகமும் இறங்கும். பயனர் கையேடுகள் ட்ரிம்மை வேகத்தைக் காக்கும் ஒரு வசதியாக மட்டும் விவரிப்பது இந்த விளைவை வைத்துத்தான். விளைவு சரி, ஆனால் அந்த விவரிப்பில் வேர்க்காரணம் விடுபட்டுப்போகிறது. வேர்க்காரணம் அறியாமை.

சுழலும் தட்டுகளின் காலத்தில் இந்த அறியாமை யாரையும் வருத்தவில்லை. தட்டில் பழைய எழுத்தின் மேலேயே புதிய எழுத்தை எழுதலாம் என்பதால், எது காலி என்று தட்டுக்குச் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. கணினிக்கும் வட்டுக்கும் இடையிலான மொழியில் 'படி', 'எழுது' என்ற வினைகள் இருந்தன, 'இங்கே இனி இல்லை' என்பதைச் சொல்ல வினை இல்லை. எஸ்எஸ்டி வந்த பின்னரே அந்த வினை சேர்க்கப்பட்டது. விண்டோஸ் 7 அதை 2009இல் ஏற்றது. லினக்ஸ் கருநிரலின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பான 2.6.33இல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வழியே, சாட்டா என்னும் இணைப்பு முறையிலான வட்டுகளுக்கு ட்ரிம் அனுப்பும் வசதி வந்தது. இணைப்பு முறைக்கு ஏற்ப, சாட்டா வட்டுகளில் ட்ரிம் என்றும், ஸ்கசி வட்டுகளில் அன்மேப் என்றும், என்விஎம்இ வட்டுகளில் டீஅலோகேட் என்றும் பெயர்கள் வேறுபட்டாலும் செய்தி ஒன்றே.

இனி, இன்மையை அறியும் வழி பற்றிய பழைய வாதங்களை வட்டின் நிலையில் நின்று பார்க்கலாம். நையாயிகர் கொள்கைப்படி இன்மை காட்சிக்கு எட்டும்; தரையைக் காணும் கண், குடமின்மை என்னும் அடை பெற்ற தரையாகவே அதைக் காண்கிறது. வட்டின் கட்டுப்படுத்தி தன் பக்கங்களை எவ்வளவு உற்றுப் படித்தாலும் அங்கே காண்பது நிறைவைத்தான். நீக்கிய கடிதத்தின் பிட்டுகளும் வைத்திருக்கும் கடிதத்தின் பிட்டுகளும் ஒரே தன்மையவை; 'நீக்கப்பட்டது' என்னும் அடை எந்தக் கலத்திலும் பதிந்திருக்கவில்லை. பிரபாகரர் வழி மீமாம்சகர், இன்மை என்று தனியே ஒன்றில்லை, வெறுந்தரையே குடமின்மை என்றனர். இங்கே தரை வெறுமையாகவே இல்லை. குடம் தரைமேல் முழுதாக இருக்க, அது இல்லை என்பதே உண்மையான கணக்காக இருக்கிறது. குமாரிலர், காணாமையே ஒரு தனி அளவை என்று நிறுவினார். வட்டுக்கோ காணாமை என்பதே நிகழவில்லை, கேட்ட பக்கத்தை ஒவ்வொரு முறையும் அது கண்டுகொண்டேயிருக்கிறது.

எஞ்சுவது கருதல். 7ஆம் நூற்றாண்டுப் பௌத்த தருக்கவாணரான தருமகீர்த்தி, காணாமையை ஏதுவாகக் கொண்டு இன்மையைக் கருதலாம் என்றார். ஆனால் காணத்தக்க பொருள் காணப்படாதபோதே அந்தக் கருதல் செல்லும், இயல்பிலேயே புலனுக்கு எட்டாதது காணப்படாததால் அது இல்லையென்று துணிய முடியாது என்று கண்டிப்பான வரம்பும் இட்டார். அந்த வரம்பின் அருமை வட்டில் விளங்கும். பத்து ஆண்டுகளாக ஒருமுறையும் படிக்கப்படாத முகவரி இனி வேண்டாததாக இருக்கும் என்று ஒரு கட்டுப்படுத்தி கருதிவிடலாமா? இறந்துபோன தாயின் குரல்பதிவும், நிலப்பத்திரத்தின் ஒளிநகலும், வழக்கு முடிந்தும் வைத்திருக்க வேண்டிய ஆவணமும் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் தொடப்படாமல் கிடக்கும். கேட்கப்படாமை வேண்டாமைக்கு ஏது ஆகாது. ஒன்று வேண்டும், வேண்டாம் என்பது உரியவரின் கருத்து; அந்தக் கருத்து வட்டுக்குப் புலனாகத்தக்க பொருளே அன்று.

காட்சியும் கருதலும் கைவிட்ட இடத்தில் மிஞ்சுவது உரை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவையியலில், பிறர் அபாவம் உட்படப் பத்து அளவைகள் வரை எண்ணினாலும் அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். இன்மையறிவை அந்த மூன்றில் எதனுள் அடக்குவது என்று கேட்போர் வழக்கமாகக் காண்டலையோ கருதலையோ சுட்டுவர். ட்ரிம் காட்டும் இன்மையை அடக்க உரை ஒன்றுக்கே இடமுண்டு. கோப்பு முறைமை சொல்கிறது, வட்டு ஏற்கிறது. ஏற்பதற்கு வட்டிடம் சொன்னவரின் தகுதியைத் தவிர வேறு சான்று இல்லை. பொறிக்கு அறிவு உண்டா என்று இங்கே தடை எழுப்பலாம். பொறி அறிகிறது என்று நாட்ட இந்த வாதத்துக்குத் தேவையில்லை. ஒரு செயலுக்கு எது போதிய ஆதாரம் என்பதே இங்குள்ள கேள்வி; அறிவில்லாத பொறியை அமைத்த அறிவுள்ள பொறியாளர்கள், இன்மையின் விஷயத்தில் காட்சியையும் கருதலையும் நம்பாமல் உரையை நம்பும்படி அதை அமைத்தனர் என்பது அந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட விடை.

உரையை நம்பினால் உரைப்பவரின் ஒழுக்கம் முதன்மை பெறும். எக்ஸ்ட்4 முறைமை இதை எவ்வளவு கவனத்தோடு கையாள்கிறது என்பதை அருகிருந்து பார்ப்பது தகும். அந்த முறைமை தன் கணக்கில் செய்யும் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி உறுதிசெய்த பின்னரே நிறைவேறியதாகக் கொள்ளும். உறுதிசெய்யும் முன் மின்சாரம் போனால், மாற்றம் நிகழாதது போலப் பழைய நிலைக்குத் திரும்பும். கோப்பு நீக்கப்பட்டது என்ற பதிவு உறுதியாகும் முன்பே வட்டுக்கு ட்ரிம் போய்விட்டால் என்ன ஆகும்? மின்தடைக்குப் பின் கோப்பு பெயரோடும் ஐநோடோடும் மீண்டு வரும், உள்ளே எழுத்து இராது. ஆகவே உடனுக்குடன் ட்ரிம் அனுப்பும்படி அமைத்த நிலையிலும், குறிப்பேட்டில் நீக்கம் உறுதியான பின்னரே எக்ஸ்ட்4 இன்மையை வட்டுக்கு அறிவிக்கிறது. அதுவரை அந்த இடத்தை வேறு எவருக்கும் கொடுப்பதும் இல்லை. எஃப்எஸ்ட்ரிம் என்ற கருவி, பல லினக்ஸ் வெளியீடுகளில் வாரம் ஒருமுறை, காலியிடங்களை மொத்தமாக வட்டுக்குத் தெரிவிக்கிறது. அப்போது, தெரிவிக்கப்படும் காலியிடம் சிறிது நேரம் பயன்பாட்டில் உள்ளதாகக் குறிக்கப்படுகிறது. 'இல்லை' என்ற சொல் வட்டைச் சென்று சேர்வதற்குள் எவரேனும் அங்கே புதிதாக எழுதிவிட்டால் அந்தச் சொல் பொய்யாகிவிடும் என்பதே காரணம். ஓர் இன்மையை உண்மையாகச் சொல்லி முடிப்பதற்காக அந்த இடத்தைச் சொல்லும் நேரமளவுக்கு நிறைந்ததாகக் கொள்ளும் இந்த ஏற்பாட்டில், சாட்சியத்தின் அறம் என்று சொல்லத்தக்க ஒன்று செயல்வடிவம் பெற்றிருக்கிறது.

உடனே சொல்வதா, பொறுத்துச் சொல்வதா என்பதில் பொறியாளரிடையே நீண்ட கருத்து வேறுபாடு இருந்தது. தொடக்க காலச் சாட்டா வட்டுகளில் ட்ரிம் கட்டளை மற்றக் கட்டளைகளோடு வரிசையில் நிற்க முடியாததால், ஒவ்வொரு ட்ரிம்முக்கும் மற்ற வேலைகள் முடியும் வரை காத்திருக்க நேர்ந்து கணினி தடுமாறியது. வாரம் ஒருமுறை சொல்லும் வழக்கம் அதனால் வலுப்பெற்றது. லினக்ஸின் மற்றொரு கோப்பு முறைமையான பிடிஆர்எஃப்எஸ் 2020இல் இடைவழி ஒன்றைக் கண்டது: நீக்கங்களைச் சேர்த்து வைத்து, பின்னணியில் சிறிது சிறிதாக அறிவிப்பது. இந்த முறைமையில் ஸ்னாப்ஷாட் என்னும் நிலைப்படிமமும் உண்டு; ஒரு நாளின் நிலையை அப்படியே பிடித்து வைத்தால், பின்னர் நீக்கப்படும் கோப்புகள் நிகழ்காலத்தில் இல்லாதவையாகவும் அந்தப் படிமத்தில் உள்ளவையாகவும் இருக்கும். அவற்றின் இன்மையை வட்டுக்கு அறிவிக்கலாகாது. இன்மைக்குக் காலமும் ஓர் அடை என்று பழைய நூல்கள் வலியுறுத்தியது இங்கே கண்கூடு.

பிழையான சாட்சியம் என்ன செய்யும் என்பதும் நடந்து தெரிந்ததே. பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்புக்கான லினக்ஸ் நிரலில் இருந்த ஒரு பிழை 2015இல் வெளிப்பட்டது. ட்ரிம் கட்டளையை வட்டுகளுக்குப் பிரித்து அனுப்புமிடத்தில் முகவரிகள் பிசகி, உயிருள்ள தரவு இருந்த இடங்கள் காலியென்று அறிவிக்கப்பட்டன. வட்டுகள் நம்பின, தரவு போயிற்று. பழி முதலில் வட்டுகளின் மேல் விழுந்தது, பிழை கருநிரலில் இருந்தது பின்னர் தெரிந்தது. தவறாக 'உண்டு' என்று சொல்லப்பட்ட ஒன்றைத் தேடிப் பார்த்து மறுத்துவிடலாம். தவறாக 'இல்லை' என்று சொல்லப்பட்டதோ, அந்தச் சொல் நம்பப்பட்ட மாத்திரத்தில் மெய்யாகிவிடுகிறது. மறுப்பதற்கு வேண்டிய சான்று அந்தச் சொல்லாலேயே அழிந்துபோகிறது. பொறுப்பு இரண்டுக்கும் சமமில்லை என்று சொல்வதன் காரணம் இதுவே.

இன்மை வெறும் சூனியம் என்று எண்ணுவோருக்கு மறையாக்கம் செய்த வட்டுகள் ஒரு மறுப்பு. வட்டு முழுவதையும் சாவி கொண்டு மறைகுறியாக்கினால், சாவி இல்லாதவருக்கு அது முதல் முகவரி முதல் கடைசி முகவரி வரை ஒரே சீரான குழப்பமாகத் தெரியும். எங்கே கோப்பு, எங்கே வெற்றிடம் என்று பிரித்தறிய முடியாது. ட்ரிம்மை அனுமதித்தால் காலியிடங்கள் தனியே புலப்பட்டு, எவ்வளவு இடம் பயன்பாட்டில் உள்ளது, எந்தக் கோப்பு முறைமை இருக்கலாம் என்பன வெளியாருக்குத் தெரிய வழி உண்டாகிறது. லினக்ஸின் வட்டு மறையாக்க நிரல் ட்ரிம்மை இயல்பாகத் தடுத்தே வைத்திருப்பது இதனால்தான். நையாயிகர் ஒவ்வோர் இன்மைக்கும் எதன் இன்மை, எங்கே இன்மை என்ற இரண்டு வரையறைகள் உண்டு என்றனர். முன்னதற்குப் பிரதியோகி என்று பெயர், பின்னதற்கு அனுயோகி. எதன் இன்மை என்பது மறைந்திருக்கும்போதும், எங்கே இன்மை என்பது தெரிந்தாலே ஒரு செய்தி கைமாறிவிடுகிறது. இன்மையைப் பதார்த்தமாக எண்ணியவர்கள் வீண் எண்ணிக்கை எண்ணவில்லை.

அழிவு எப்போது தொடங்குகிறது என்ற கேள்வி இன்னும் கடினமானது. இன்மையின் நான்கு வகைகளில், ஒரு பொருள் தோன்றுவதற்கு முன் உள்ள இன்மைக்குத் தொடக்கமில்லை, முடிவுண்டு. அழிந்த பின் வரும் இன்மைக்குத் தொடக்கமுண்டு, முடிவில்லை. எக்காலத்தும் இன்மை ஒன்று. ஒன்று மற்றொன்றாக இன்மை மற்றொன்று. நீக்கிய கோப்பின் இன்மை இரண்டாம் வகை என்றே எவரும் சொல்வர். ஆனால் பெயர் போன நொடியிலா, குறிப்பேடு உறுதியான நொடியிலா, ட்ரிம் சென்ற நொடியிலா, தொகுதியிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறிய நொடியிலா அது தொடங்கியது? ட்ரிம்முக்கு முன் மீட்புக் கருவிகள் கோப்பைத் திரும்பக் கொண்டுவருகின்றன. முடிவில்லாத இன்மை என்ற இலக்கணம் அப்போது பொருந்தவில்லை. ட்ரிம்முக்குப் பின் பல வட்டுகள் அந்த முகவரியைக் கேட்போருக்குப் பூச்சியங்களையே தருகின்றன. கலங்களில் பழைய எழுத்து அப்படியே இருக்கலாம். உண்மையில் அழிந்த கலம் ஒன்றுகளாகத் தெரியும் என்பதை நினைத்தால், இந்தப் பூச்சியங்கள் கலங்களிலிருந்து படித்தவை அல்ல, கட்டுப்படுத்தி தானே அளிக்கும் விடை என்பது புலனாகும்.

சைவ சித்தாந்தம் இறைவனின் தொழில்களில் அழித்தலையும் மறைத்தலையும் வேறு வேறாக எண்ணுவது இந்த இடத்தில் துணைசெய்கிறது. மறைத்தலில் பொருள் உள்ளபடி இருக்க, அதற்கும் அறிவோனுக்கும் இடையே திரை விழுகிறது. அழித்தலில் காரியம் தன் காரணத்தில் ஒடுங்குகிறது. உள்ளதற்கு முற்றழிவு இல்லை என்னும் சற்காரியக் கொள்கைப்படி அழித்தலும் சூனியமாக்குதல் ஆகாது, அது பிறந்து இறந்து களைத்த உயிர்களுக்கு இளைப்பாற்றல் என்றும் சித்தியார் விளக்குகிறது. உயிர்களைப் பற்றிய அந்தக் கொள்கையை மின்சில்லின்மேல் அப்படியே ஏற்றுவது தவறு. இரு தொழில்களின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், ட்ரிம் மறைத்தலின் பக்கத்தைச் சேர்ந்தது, தொகுதி அழிப்பே அழித்தல் என்று தெளிவாகச் சொல்லலாம். முன்னது அறிவிப்பு, பின்னது அந்த அறிவிப்பை நம்பி வட்டு தனக்கு உகந்த நேரத்தில் செய்யும் செயல். அந்த நேரம் நொடிகளில் வரலாம், நாட்கள் கழித்தும் வரலாம். ட்ரிம் பெரும்பாலும் வேண்டுகோளே என்பதால், வட்டு அதைப் பொருட்படுத்தாமலும் விடலாம்.

இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நீதியின் கேள்விகள் நிற்கின்றன. ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேம் பெல்லும் ரிச்சர்ட் பாடிங்டனும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், கோப்புக் கணக்கை மட்டும் வெறுமையாக்கும் விரைவு வடிவமைப்புச் செய்த ஓர் எஸ்எஸ்டி, எவரும் எதையும் எழுதாதபோதும், சில நிமிடங்களுக்குள் தன் பழைய தரவைத் தானே துடைத்துக்கொண்டதைக் காட்டினர். சான்றைக் காக்க வெளியிலிருந்து எழுத்தைத் தடுக்கும் கருவியாலும் உள்ளே நடக்கும் குப்பை சேகரிப்பைத் தடுக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வெய்யும் உடன் ஆய்வாளர்களும் வட்டுகளைப் பிரித்துச் சில்லுகளை நேரடியாகப் படித்து, ஒரு கோப்பை மட்டும் மேலெழுதி அழிக்கும் முறைகள் எதுவும் எஸ்எஸ்டியில் முழுப் பயன் தரவில்லை என்று கண்டனர். காக்க வேண்டியபோது அழிகிறது, அழிய வேண்டியபோது எஞ்சுகிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளும், இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தன் தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தனிமனிதருக்கு அளிக்கின்றன. அந்தக் கடமை பெயரை நீக்கியதோடு நிறைவேறிவிட்டதாக ஒரு நிறுவனம் கொள்ளுமானால், அது மறைத்தலைச் செய்துவிட்டு அழித்ததாகக் கணக்குக் காட்டுகிறது. கோரியவருக்கு உரியது அதுவன்று.

இந்த இக்கட்டுக்குப் பொறியாளர் தரும் சிறந்த விடை, தரவை முதலிலிருந்தே சாவி கொண்டு மறையாக்கி எழுதிவிட்டு, அழிக்க வேண்டிய நாளில் சாவியை மட்டும் அழிப்பது. பல டெராபைட் எழுத்து கலங்களில் அப்படியே கிடக்க, அதைப் பொருளாக்கும் சில டஜன் பைட்டுகள் மட்டும் போய்விடுகின்றன. இப்போது இன்மையின் பிரதியோகி தரவு அன்று, சாவி. தரவின் நிலையோ திறக்க முடியாத மறைத்தல். மறைத்தல் என்றும் நீங்காது என்பது உறுதியானால் அதை அழித்தலுக்கு நிகராக ஏற்பதில் தவறில்லை. ஆனால் சாவியும் எங்கோ ஒரு ஃபிளாஷ் தொகுதியில்தான் எழுதப்பட்டிருக்கும். அதன் பழைய நகல் தேய்வு சமனாக்கத்தால் வேறொரு பக்கத்தில் தங்கியிருக்கக் கூடும். ஆகவே எவ்வளவு சுருக்கினாலும் ஒரு சிறு தொகுதியேனும் மெய்யாக அழிக்கப்பட்டாக வேண்டும், அது அழிந்ததா என்பதை உரியவர் வட்டின் வாய்மொழியால்தான் அறிய வேண்டும். அந்த 2011 ஆய்வில், முழு அழிப்புக் கட்டளையைப் பெற்ற ஒரு வட்டு, பணி வெற்றியாக முடிந்தது என்று பதிலளித்தது. சில்லுகளைப் படித்தபோது தரவு அனைத்தும் இருந்தது. கோப்பு முறைமையின் 'இல்லை'யை வேறு சான்றின்றி நம்பும் வட்டின் நிலைக்கு, அந்த வட்டின் 'இல்லை'யைக் கேட்ட மனிதர் அங்கே வந்து சேர்ந்திருந்தார். வட்டிடம் இல்லாத ஒரு வழி அவரிடம் இருந்தது: சில்லைக் கழற்றிப் பார்க்கும் வழி. அந்த வழியைப் பயனருக்கும் தணிக்கையாளருக்கும் திறந்து வைக்கும்படி வட்டுகள் அமைக்கப்பட வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. தயாரிப்பாளரின் உரை ஒன்றையே அளவையாகக் கொண்டு சட்டத்தின் கடமை நிறைவேறியதாகக் கொள்ள முடியாது.